காரணங்கள் போதும், கணக்கைக் கொடுங்கள்

மந்திரிகளாகவும் செயலாளர்களாகவும் ஆட்சியர்களாகவும் அமர்ந்து, புயலும் வெள்ளமும் வந்து சூழும் நாட்களில் எங்கள் உயிர்களுக்குப் பொறுப்பேற்றிருக்கும் பெரியோர்களே!

ஒவ்வோர் அழிவுக்குப் பிறகும் நீங்கள் பத்திரிகையாளர் முன்னிலையில் அமர்ந்து சொல்லுகிற சமாதானங்களை நாங்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறோம். இப்படியொரு மழை நூறாண்டுகளாகப் பெய்ததில்லை என்கிறீர்கள். காற்று எதிர்பாராத வேகத்தில் வலுத்துவிட்டது என்கிறீர்கள். எச்சரிக்கை உரிய காலத்திலேயே விடுக்கப்பட்டது, ஜனங்கள்தாம் அதைப் பொருட்படுத்தவில்லை என்கிறீர்கள். நிவாரணப் பணிகள் போர்க்கால அடிப்படையில் நடைபெறுகின்றன என்று சொல்லி எழுந்துவிடுகிறீர்கள். இவற்றுள் சில உண்மையாகவே இருக்கலாம். 2015 நவம்பரில் சென்னையில் பெய்த மழை ஆயிரம் மில்லிமீட்டரைத் தாண்டியது என்பதும், அதற்கு நிகரான நவம்பர் மழையைத் தேடினால் 1918ஆம் ஆண்டுவரை பின்னோக்கிப் போக வேண்டும் என்பதும் மெய்தான். ஆயினும் உண்மையான ஒரு காரணத்தை எடுத்துச் சொல்லிவிட்டதனாலேயே உங்கள் கடமை தீர்ந்துபோயிற்று என்று நீங்கள் கருதுகிறீர்களே, அந்தக் கருத்தை மறுப்பதற்காகவே இந்த மடலை எழுதத் துணிந்தேன்.

பல அழிவுகளைப் பற்றிப் பொதுவாகப் பேசுவதைவிட, நான் பிறந்த குமரி மாவட்டத்தை உலுக்கிய ஒக்கிப் புயலை முன்னிறுத்திப் பேசுவதே நியாயமென்று தோன்றுகிறது. ஏனெனில் நீங்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானங்கள் அனைத்தும் அந்த ஒரு புயலின்போது ஒன்றன்பின் ஒன்றாக எங்கள் முன் வைக்கப்பட்டன.

2017 நவம்பர் 29ஆம் தேதி இலங்கைக்குத் தென்கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகத் தோன்றியது, ஒரே நாளில் வலுப்பெற்று 30ஆம் தேதி காலையில் குமரிக் கடலில் புயலாக மாறியது. அவ்வளவு விரைவாக அது வளர்ந்தது என்பதை ஒருவரும் மறுக்கவில்லை. பலத்த காற்று வீசும், கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற வழக்கமான அறிவுரைகள் அதற்கு முன்பே வந்திருந்தன. ஆனால் வருவது புயல் என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்டது 30ஆம் தேதி நண்பகலை ஒட்டித்தான். அந்த வேளையில் எங்கள் மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் முறிந்து, வாழைத் தோட்டங்கள் சாய்ந்து, மின்கம்பங்கள் தெருக்களில் விழுந்து கிடந்தன; முந்தின நாள் மாலையில் வலையோடு புறப்பட்டுப்போன வள்ளங்கள் காற்றின் நடுவே இருந்தன. மத்திய சர்க்கார் முன்கூட்டியே தகவல் கொடுத்துவிட்டதாகச் சொல்லிற்று. கேரள சர்க்கார் 30ஆம் தேதி நண்பகலுக்கு முன் புயலென்ற சொல்லே தங்களுக்கு வரவில்லை என்றது. யாருடைய கடிதம் யாருடைய மேஜைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்ற அந்த வாதம் நாட்கணக்கில் நடந்துகொண்டிருந்தபோது, கடலில் மிதந்துகொண்டிருந்தவர்களில் யார் உயிரோடிருக்கிறார்கள் என்பதைச் சொல்ல உங்களில் ஒருவராலும் இயலவில்லை.

எச்சரிக்கை விடுத்தோம், மீனவர்கள் கேட்கவில்லை என்ற வார்த்தையை மட்டும் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்க்கும்படி உங்களை வேண்டுகிறேன், ஏனெனில் எங்களை மிகவும் புண்படுத்தியது அதுதான். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி முதலிய கரையோர ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள், சுறாவைத் தேடி நூற்றுக்கணக்கான கடல் மைல் தொலைவுக்குச் சென்று, வாரக்கணக்கில் கடலிலேயே தங்கித் தொழில் செய்பவர்கள் என்பது மீன்வளத் துறையில் நேற்றுச் சேர்ந்த உத்தியோகஸ்தருக்கும் தெரிந்த விஷயம். அவர்களுடைய படகுகளில் இருந்த கம்பியில்லாக் கருவி சில பத்து கடல் மைலுக்கு அப்பால் கேட்காது. கைபேசிக்கு அங்கே உயிர் கிடையாது. வானொலி அறிவிப்பும், துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் கூண்டும், கோயில் ஒலிபெருக்கியும் கரையில் நிற்பவனுக்காக ஏற்பட்டவை. பத்து நாட்களுக்கு முன் கரையை விட்டுப் போனவனிடம் கடலுக்குப் போகாதே என்று சொல்வது, புறப்பட்டுப் போய்விட்ட வண்டிக்கு நிலைய அதிபர் சிவப்புக் கொடி காட்டியதற்கு ஒப்பாகும். அந்தச் செய்தி அவனுடைய காதுக்கு எட்டவே இல்லை. எட்டும்படி செய்வதற்கான சாதனம் எதையும் அதுவரை நீங்கள் அவனுக்குக் கொடுத்திருக்கவில்லை. அப்படியிருக்க, கேளாத குற்றத்தை அவன்மேல் சுமத்துவது எந்த நியாயத்தில் சேரும்?

அவர்கள் சொன்னால் கேளாத முரட்டு ஜனங்களல்லர் என்பதற்கு நான் வாதாட வேண்டிய அவசியமும் இல்லை. ஒக்கி கடந்து ஒன்பது மாதம் கழியுமுன், 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, அதே கடற்கரையைச் சேர்ந்த மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூருக்கும் ஆலுவாவுக்கும் சாலக்குடிக்கும் போய், வீட்டுக் கூரைகளில் தவித்துக்கொண்டிருந்த பல்லாயிரம் பேரைக் கரை சேர்த்தார்கள். ஆபத்து எங்கே இருக்கிறது என்று சரியாகச் சொன்னால் அவர்கள் எவ்வளவு சீக்கிரம் செயல்படுவார்கள் என்பதை அந்த நாட்களில் தேசமே பார்த்தது.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். என் மடலின் உயிர்நாடி இதுதான்.

எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு முதல் வாரத்தில் உங்களிடம் விடை இருந்ததா? ஒரு நாள் ஓர் எண்ணைச் சொன்னீர்கள். மறுநாள் மற்றோர் எண்ணைச் சொன்னீர்கள். மாநிலத்தின் கணக்கும் மத்திய சர்க்காரின் கணக்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அதே வேளையில் ஊர்தோறும் பங்குத்தந்தையர்கள் வீடுவீடாகச் சென்று, எந்தப் படகில் யார் போனார்கள், என்றைக்குப் போனார்கள், கடைசியாக எங்கிருந்து பேசினார்கள் என்று கேட்டுக் குறித்து, கையெழுத்துப் பட்டியல்களைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். வழிபாடு நடத்துவதற்கென்று வந்தவர்கள் ராஜாங்கத்தின் வேலையைச் செய்தார்கள்; அந்தப் பட்டியலை ஏற்பதா மறுப்பதா என்ற விவாதத்தில் நீங்கள் காலத்தைச் செலவிட்டீர்கள். டிசம்பர் கடைசியில் பாராளுமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்கின்படி காணாமற்போனவர்கள் 661 பேர். அவர்களில் 400 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள், 261 பேர் கேரளத்தைச் சேர்ந்தவர்கள். திசைதப்பிய படகுகள் இலட்சத்தீவிலும் கர்நாடக, மகாராஷ்டிர, குஜராத் துறைகளிலும் ஒதுங்கிய செய்தி வர வர ஒவ்வொரு பட்டியலும் மாறிக்கொண்டே வந்தது.

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. இந்த ஊர்களின் படகுகளில் பல கொச்சித் துறைமுகத்திலிருந்து புறப்படுபவை. புறப்படும் துறை ஒரு மாநிலத்தில், அவர்களை எதிர்நோக்கியிருக்கும் வீடு மற்றொரு மாநிலத்தில். படகில் கூலிக்கு ஏறியவர்களில் வடக்கேயிருந்து வந்த இளைஞர்களும் இருந்தார்கள். அவர்களுக்காகக் கரையில் வந்து நின்று கேட்பதற்கு ஒரு தாயோ தகப்பனோ அங்கே இல்லை. இரண்டு மாநிலங்களும் ஒரே பதிவேட்டை வைத்துக்கொண்டு, ஏறுகிறவன் பெயரையும் அவனுடைய வீட்டாரின் தொடர்பு எண்ணையும் புறப்படும்போதே எழுதிக்கொண்டிருந்தால், 30ஆம் தேதி மாலையிலேயே நீங்கள் யாரைத் தேட வேண்டுமென்று அறிந்திருப்பீர்கள். அதற்குப் பெருஞ்செலவோ பெருவித்தையோ தேவைப்படவில்லை. தேடுவதற்கு முன் யாரைத் தேடுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும் என்ற யோசனை உங்களில் ஒருவருக்கேனும் தோன்றியிருந்தால் போதுமானதாக இருந்தது.

கப்பற்படையும் கடலோரக் காவல்படையும் பிரயத்தனப்படவில்லை என்று நான் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கானவர்களை அவர்கள் மீட்டுக் கொணர்ந்தார்கள். ஆனால் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், இயந்திரம் நின்றுபோன படகு எந்தத் திசையில் ஒதுங்கும் என்பதை அனுபவத்தால் அறிந்தவர்களை உடன் அழைத்துச் செல்லுங்கள் என்று மீனவர்கள் மன்றாடினார்கள். கேரளத்தின் விழிஞ்ஞம், பூந்துறைக் கரைகளில் பொறுமையிழந்தவர்கள் கொந்தளிப்பு அடங்காத கடலில் தாங்களே படகேறித் தேடச் சென்றார்கள். டிசம்பர் 7ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் பிள்ளைகளோடும் பெண்களோடும் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். அவர்கள் அன்று கேட்டது பணமன்று என்பதை நீங்கள் நினைவிற் கொள்ள வேண்டும். இன்னும் தேடுங்கள், ஹெலிகாப்டரில் ஆழ்கடல்வரை போய்த் தேடுங்கள், எங்கள் மாவட்டத்திலேயே மீட்புக்கென்று ஒரு தளம் அமையுங்கள் என்றுதான் கேட்டார்கள்.

இதைத் தேசியப் பேரிடராக அறிவியுங்கள் என்றும் கேட்டார்கள். சட்டத்தில் அப்படியொரு பிரகடனத்துக்கு இடமில்லை என்று விடை வந்தது. சட்டநூலை வைத்துப் பார்த்தால் அந்த விடை பிழையற்றதாக இருக்கலாம். ஆனால் மகனைக் கடலில் தொலைத்துவிட்டு நிற்கும் ஒருத்தி, தன் துக்கத்தைத் தேசம் தன்னுடையதாக ஏற்கிறதா என்று கேட்கும்போது, விதியின் எண்ணை எடுத்துக் காட்டுவது ஆட்சி செய்வோருக்கு அழகாகாது. தமிழ்நாட்டு முதலமைச்சர் வந்தது டிசம்பர் 12ஆம் தேதி, பிரதமர் வந்தது 19ஆம் தேதி என்பதையும் எங்கள் ஜனங்கள் மறக்கவில்லை.

உங்கள் பக்கத்தில் நடந்த நல்லதையும் சொல்லவே வேண்டும். காணாமற்போனவன் இறந்ததாகக் கொள்ளப்படுவதற்கு ஏழாண்டுகள் காத்திருக்க வேண்டுமென்ற சாட்சியச் சட்டத்தின் ஏற்பாடு இந்தக் குடும்பங்களைப் பட்டினியில் தள்ளியிருக்கும். அதைத் தளர்த்தி, குடும்பத்துக்கு 20 இலட்சம் ரூபாய் வீதம் வழங்கினீர்கள். அதற்கு நாங்கள் நன்றியுடையவர்களே. நாடாளுமன்றத்தின் உள்துறை நிலைக்குழு 2018இல் ஒக்கியைப் பற்றித் தனி அறிக்கையே சமர்ப்பித்தது. ஜெமினி என்ற கருவி 2019இல் அறிமுகமாயிற்று; ஆழ்கடல்வரைக்கும் எச்சரிக்கையைக் கொண்டு சேர்க்கக்கூடியது என்றாலும், அது கரையின் செய்தியைக் கடலுக்குச் சொல்லுமே தவிர, கடலிலிருப்பவனுடைய அபயக் குரலைக் கரைக்குக் கொண்டுவராது. இருபுறமும் செய்தி செல்லும் கருவிகளை ஓர் இலட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 364 கோடி ரூபாய் மதிப்பில் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. ஒக்கிக்கும் இதற்கும் இடையே ஆறு ஆண்டுகளுக்கு மேல் சென்றுவிட்டன.

செய்ய மனமிருந்தால் செய்ய முடியும் என்பதற்கு நான் வெகுதூரம் போய் உதாரணம் தேடவில்லை. 1999 அக்டோபரில் ஒடிஸாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டார்கள். அந்த மாநிலத்தின் நிர்வாகம் அதற்குப் பிறகு பேரிடருக்கென்று தனி ஸ்தாபனம் ஏற்படுத்தி, கடற்கரை நெடுகப் புயல் காப்பகங்களைக் கட்டி, ஊர்தோறும் இளைஞர்களைப் பழக்கியது. 2013இல் பைலின் புயல் கோபால்பூர் அருகே கரையைக் கடந்தபோது ஏறத்தாழ 10 இலட்சம் பேர் முன்னதாகவே இடம்பெயர்க்கப்பட்டார்கள். இறந்தவர்களை விரல்விட்டு எண்ண முடியாவிட்டாலும் சில பத்துகளுக்குள் எண்ணிவிடலாம். கடலும் அதே வங்கக் கடல். மக்களும் அதே ஏழை மக்கள். 1999இல் கேளாதவர்கள் 2013இல் எப்படிக் கேட்டார்கள்? அறிவிப்போடு வண்டியும் வந்தது, போய்த் தங்குவதற்குக் காப்பகம் இருந்தது, அங்கே சோறு இருந்தது, ஆகையால் கேட்டார்கள்.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை நிலையமே கிடையாது. இல்லை என்பதை அன்று ஒளிக்க முடியவில்லை. ஆகையால் 2007இல் ஹைதராபாத்தில் அந்த நிலையம் வந்துவிட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது எங்கள் மாநிலத்திலேயே எச்சரிக்கையும் இடப்பெயர்ச்சியும் செவ்வனே நடந்தன என்று எதிர்க்கட்சியும் பாராட்டியது. பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கங்களில் விழுந்து கிடந்த தென்னைகளுக்கு நடுவே குடிநீருக்கும் வெளிச்சத்துக்கும் ஜனங்கள் சாலையில் வந்து நிற்க நேர்ந்தது. புயலுக்கு முந்திய நாட்களில் காட்டிய ஜாக்கிரதை பிந்திய நாட்களில் ஏன் தளர்ந்தது என்பதை ஒருவரும் எங்களுக்கு எழுதிச் சொல்லவில்லை.

எழுதிச் சொல்லாமையே இந்த நோயின் மூலம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவில் சென்னையை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. அதைப் பற்றிய விவரமான குற்றாய்வு, மனிதரால் நேர்ந்த பேரிடர் என்ற தீர்ப்போடு, சட்டசபையின் முன் வந்தது 2018 ஜூலையில். அதுவும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையாக வந்தது. இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகு, வீடிழந்தவன் வாடகை வீட்டுக்குப் போய், உயிரிழந்தவனுடைய பிள்ளை பள்ளிக்கூடம் மாறி, கோபம் தணிந்து துக்கம் மட்டும் எஞ்சியிருக்கும் வேளையில் வருகிற உண்மையால் யாருக்கு என்ன பயன்? ஏரியின் மதகைத் திறக்க உத்தரவிட்டவரும், ஆற்றங்கரைக்குத் தகவல் சொல்ல வேண்டியவரும் தாங்களே முன்வந்து, எத்தனை மணிக்கு என்ன அறிந்தோம், என்ன செய்தோம், எதைச் செய்யத் தவறினோம் என்று அந்த மாதத்திலேயே சொல்லியிருந்தால் ஜனங்கள் அவர்களைத் தூற்றியிருப்பார்கள் என்று நீங்கள் அஞ்சலாம். சில காலம் தூற்றியிருப்பார்கள். அடுத்த மழைக்குள் நம்பத் தொடங்கியிருப்பார்கள். நம்பிக்கையில்லாத ஜனங்களுக்கு விடுக்கும் எச்சரிக்கைக்கு மதிப்பில்லை. அந்த நம்பிக்கையைச் சமாதானம் சொல்லிச் சொல்லி நீங்களே அழித்து வருகிறீர்கள்.

ஆகையால் உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு பேரிடருக்குப் பின்னும் தொண்ணூறு நாட்களுக்குள், எந்த நாளில் எந்த வேளையில் யாருக்கு எந்தத் தகவல் வந்தது, அதன்மேல் யார் என்ன உத்தரவிட்டார்கள், அது எந்த ஊர்வரைக்கும் போய்ச் சேர்ந்தது, எங்கே நின்றுவிட்டது என்ற விவரத்தை நேரவாரியாக எழுதி, தமிழில் அச்சிட்டு, சட்டசபையில் வைப்பதோடு பாதிக்கப்பட்ட ஒவ்வோர் ஊரின் பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஒட்டுங்கள். அந்த அறிக்கை வெளிவரும்வரை ஜனங்கள் கேட்கவில்லை என்ற வார்த்தையை உங்களில் ஒருவரும் உச்சரிக்க வேண்டாம். கடலில் தங்கும் படகுகளுக்குத் தமிழ்நாடும் கேரளமும் பொதுவான ஒரு புறப்பாட்டுப் பதிவேட்டை வைத்து, ஏறுகிற ஒவ்வொருவனுடைய பெயரும் ஊரும், அவன் பிற மாநிலத்திலிருந்து கூலிக்கு வந்தவனாயினும் விடுபடாமல், அதில் ஏறும்படி செய்யுங்கள். ஆபத்தறிவிக்கும் கருவி எந்தப் படகில் பொருத்தப்பட்டிருக்கிறது, அது பழுதின்றி இயங்குகிறதா என்பதைத் துறைவாரியாக எழுதிக் காட்டுங்கள். குழித்துறையில் கேட்கப்பட்ட மீட்புத் தளத்தின் கதி என்னவென்பதையும், அமைந்ததா அமையவில்லையா, அமையாவிட்டால் யார் தடுத்தார்கள் என்பதையும் அதே பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பர் முடிவதற்குள் தூத்தூரிலும் சின்னத்துறையிலும் நீரோடியிலும் அந்தப் பதிவேடு திறந்திருக்கும்படி செய்யுங்கள். எங்கள் ஜனங்கள் தாங்களாகவே வந்து தங்கள் பிள்ளைகளின் பெயரை எழுதிக்கொடுப்பார்கள்.

இங்ஙனம்,
குமரி மாவட்டத்துப் பிரஜை ஒருவன்